மடகாஸ்கரில் பச்சோந்தி பார்க்க: விசா முதல் டார்ச் விளக்கு வரை

மடகாஸ்கருக்கு எப்போது போகலாம் என்று எந்தப் பயண முகவரைக் கேட்டாலும் ஜூலை, ஆகஸ்ட் என்றுதான் சொல்வார். மழை இருக்காது, சாலை காய்ந்திருக்கும், கடலில் திமிங்கிலம் வரும் என்று காரணமும் அடுக்குவார். அத்தனையும் உண்மை. ஆனால் நீங்கள் போவது பச்சோந்திக்காக என்றால் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விமானக் கட்டணத்தையும் விடுமுறையையும் பார்த்து நாள் குறிப்பவர்கள் பணத்தைக் கொட்டி லெமூரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பச்சோந்தியின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு நாள் குறித்தால் அதே பணத்தில் ஒரே இரவில் ஐந்தாறு இனங்களைப் பார்த்துவிடலாம்.

உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே தீவில் இருக்கின்றன. இந்தப் பயணத்துக்காக நான் தகவல் தேடியபோது கிடைத்தவை பெரும்பாலும் ஐரோப்பியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. சென்னையிலிருந்து புறப்படுகிறவருக்கு எங்கே சிக்கும் என்பதை அவை சொல்வதில்லை. ஆகவே முதல் தடவை போகிறவருக்கு வேண்டியதை வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், பிறகு டிக்கெட்

மடகாஸ்கர் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. நமக்குக் கோடை முடிகிற ஜூன் அங்கே குளிர்காலத்தின் தொடக்கம். நீங்கள் முதலில் போகப்போகும் கிழக்குக் காடுகள் கடல்மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் இருப்பவை. ஜூலை இரவில் அங்கே வெப்பநிலை பத்து டிகிரி வரைக்கும், சில நாள் அதற்குக் கீழும் இறங்கும். பச்சோந்தி தன் உடலுக்கான சூட்டை வெளியிலிருந்துதான் பெற வேண்டும். குளிர் மாதங்களில் பல இனங்கள் அசைவைக் குறைத்துக்கொண்டு கண்ணில் படாத இடத்தில் கிடக்கும். காட்டைச் சுற்றிவிட்டு ஒன்றிரண்டோடு திரும்ப வேண்டியதுதான்.

முதல் மழை விழுந்தவுடன் எல்லாம் மாறும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை என்பது என் பரிந்துரை, அதிலும் நவம்பர். பூச்சிகள் பெருகும், ஆண்கள் இணை தேடி வெளியே வரும், நிறங்கள் உச்சத்தில் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். பாலம் உடைந்தால் விடுதியிலேயே உட்கார வேண்டியிருக்கும். ஏப்ரல் இரண்டாவது நல்ல வாய்ப்பு.

மேற்குக் கரைக்குக் கணக்கே வேறு. மொரொந்தாவாவுக்கு வடக்கே உள்ள கிரிந்தி வறள்காட்டில் லாபோர்டு பச்சோந்தி என்று ஓர் இனம் வாழ்கிறது. நவம்பரில் முட்டையிலிருந்து வெளிவந்து, ஜனவரிக்குள் முழு வளர்ச்சி பெற்று, இணைசேர்ந்து, முட்டையிட்டு, மழை முடிவதற்குள் அந்தத் தலைமுறையே மடிந்துவிடும். ஆண்டின் எட்டு ஒன்பது மாதங்கள் அந்த இனம் மண்ணுக்குள் வெறும் முட்டைகளாகவே இருக்கிறது. ஆகஸ்டில் கிரிந்திக்குப் போய் லாபோர்டு பச்சோந்தி எங்கே என்று கேட்டால் வழிகாட்டி சிரிப்பார். ஆனால் அது இருக்கிற ஜனவரியில் அந்தச் செம்மண் பாதை சேறாகிவிடும். முதல் பயணத்தில் கிரிந்தி வேண்டாம்.

2. ஊரைத் தேர்ந்தெடுத்தல்

வரைபடத்தைப் பார்த்ததும் ஆசை பெருகும், அடக்குங்கள். நீளவாக்கில் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தீவு அது. பத்து நாள் பயணத்தில் ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு.

அந்தசிபே: புதியவருக்கு முதல் தேர்வு. தலைநகர் அந்தனனரிவோவிலிருந்து கிழக்கே இரண்டாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். ஈரமான மலைக்காடு. பெரிய பார்சன் பச்சோந்தி, யானைக் காது போன்ற மடல்கள் தலையின் பின்புறம் விரிகிற குறுங்கொம்புப் பச்சோந்தி, சருகோடு சருகாகக் கிடக்கும் ப்ரூகேசியா என்ற குட்டிப் பச்சோந்தி என்று மூன்று விதமான உடலமைப்புகளை ஒரே காட்டில் பார்க்கலாம்.

நோசி பே: வடமேற்கில் உள்ள தீவு, தலைநகரிலிருந்து விமானம். சிறுத்தைப் பச்சோந்திக்கு இதைவிட எளிய இடம் இல்லை. இது அடர்காட்டை நாடாத இனம். சாலையோரப் புதர், காப்பித் தோட்டம், வீட்டு வேலி என்று மனிதன் வெட்டித் திறந்த இடங்களில்தான் அதிகம். நோசி பே ஆண்கள் நீலம் கலந்த பச்சை. எதிர்க்கரையில் அம்பிலோபே பக்கத்து ஆண்களுக்குச் சிவப்புப் பட்டைகள். ஒரே இனம்தான், ஊருக்கு ஊர் உடுப்பு வேறு.

ரனோமஃபானா, வடக்கே ஆம்ப்ர் மலை இரண்டும் அருமையான காடுகள். இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரனோமஃபானாவுக்குச் சாலையில் போகவே முழு நாள் தொலைந்துவிடும்.

அந்தசிபே போகும் வழியில் ஊர்வன வளர்க்கும் பண்ணைகள் உண்டு. வலைக்கூண்டுக்குள் தீவின் பல மூலைகளிலிருந்தும் கொண்டுவந்த பச்சோந்திகளை விட்டிருப்பார்கள். கையில் ஏற்றிப் படம் எடுக்கவும் விடுவார்கள். ஓட்டுநர் தானாகவே வண்டியை அங்கே திருப்புவார். உள்ளே போனால் படம் கிடைக்கும். எந்தப் பச்சோந்தி எந்தச் செடியில், எந்த உயரத்தில் இருக்கும் என்பதை அந்தக் கூண்டு சொல்லித்தராது. விருப்பமில்லை என்றால் காலையில் புறப்படும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.

3. ஆவணங்கள்

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு அந்தனனரிவோ விமான நிலையத்திலேயே சுற்றுலா விசா கிடைக்கும். அரசின் இணையதளத்தில் மின்விசாவாகவும் எடுக்கலாம். கட்டணம் தங்கும் நாட்களுக்கேற்பக் கூடும். பதினைந்து நாளுக்குள் முடித்தால் செலவு மிகக் குறைவு. நான் மின்விசாவையே சொல்வேன். காரணம் மடகாஸ்கர் அல்ல, சென்னை. "வந்திறங்கியதும் விசா" என்றால் புறப்படும் விமான நிலையத்தில் கவுண்டரில் இருப்பவர் நம்ப மாட்டார், மேலதிகாரியைக் கூப்பிடுவார், பின்னால் வரிசை முனகும். அச்சிட்ட காகிதம் ஒன்று கையில் இருந்தால் பேச்சு அங்கேயே முடியும். திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு இரண்டையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். மடகாஸ்கரில் அந்த நோய் இல்லை; ஆகவே ஊசி தேவையில்லை என்று நினைப்பார்கள். ஆனால் உங்கள் விமானம் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போகும். இரண்டு நாடுகளும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருப்பவை. அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மடகாஸ்கரில் அட்டை கேட்பார்கள். திரும்பி வரும்போது நம் நாட்டிலும் கேட்பார்கள்; இங்கே இருக்கிற சுகாதார அதிகாரிகள் கண்டிப்பானவர்கள். எதற்கு வம்பு, போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள் என்பதால் முன்பதிவு அவசியம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அட்டை செல்லுபடியாகும். அதன் பிறகு ஆயுள் முழுக்கப் போதும். பயணத்துக்கு முந்தைய வாரம் நினைவு வந்தால் பயனில்லை. அறுபது வயதைக் கடந்தவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. மொரீஷியஸ் வழியாகப் போனால் இந்தத் தலைவலி இல்லை. விமான நாட்கள் குறைவு, நாம் அவர்களுக்கேற்ப வளைய வேண்டும்.

மலேரியா தீவு முழுவதும் உண்டு. மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டுப் புறப்படுங்கள். பச்சோந்தி தேடுவது இருட்டிய பிறகு, மழைக்காலத்தில், புதர் ஓரத்தில். கொசுவும் அதே நேரத்தைத்தான் விரும்புகிறது.

4. செலவு

பெரும் செலவு விமானம். சென்னையிலிருந்து போய்வர எண்பதாயிரம் முதல் ஒன்றேகால் லட்சம் ரூபாய் வரை ஒதுக்கிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மாதம் முன்பே எடுத்தால் குறைந்த பக்கத்தில் நிற்கலாம்.

உள்ளூர்ப் பணம் அரியாரி. ஒரு ரூபாய்க்குச் சுமார் ஐம்பது அரியாரி என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். மிகப் பெரிய தாளே இருபதாயிரம் அரியாரிதான். நம் கணக்கில் நானூறு ரூபாய் சொச்சம். ஆகவே மாற்றியவுடன் கட்டுக் கட்டாகக் கையில் வரும், பணக்காரர் ஆகிவிட்டதாகத் தோன்றும். இரண்டு நாளில் தெளிந்துவிடும். ரூபாயை அங்கே யாரும் சீந்த மாட்டார்கள். யூரோ கொண்டுபோங்கள், விமான நிலையத்திலேயே மாற்றுங்கள். காட்டோரக் கிராமங்களில் கார்டை நம்பி இருக்க முடியாது. மிச்சமான அரியாரியை அங்கேயே செலவழித்துவிட வேண்டும். வெளியே எங்கும் மாறாது.

ஓட்டுநரோடு கார் ஒரு நாளைக்கு ஐம்பது முதல் எண்பது யூரோ வரை கேட்பார்கள். டீசல் அதில் அடக்கமா, ஓட்டுநரின் சாப்பாடும் தங்கலும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தசிபே 150 கிலோமீட்டர்தானே, மூன்று மணி நேரம் என்று நினைக்காதீர்கள். துறைமுகத்திலிருந்து வரும் லாரிகள் முழுக்க அந்தச் சாலையில்தான்; குழிகளும் உண்டு. அரை நாள் போகும். இருட்டிய பிறகு நெடுஞ்சாலைப் பயணம் கூடவே கூடாது.

தேசியப் பூங்காவில் நுழைவுச்சீட்டு தனி, வழிகாட்டிக் கூலி தனி. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். கூலி ஆளுக்கு இவ்வளவு என்றில்லை, குழுவுக்கு இவ்வளவு. ஆகவே இருவர் மூவராகப் போனால் லாபம். கட்டணப் பலகை அலுவலக வாசலிலேயே இருக்கும், படித்துவிட்டுப் பேசுங்கள். உள்நாட்டு விமானம் எடுப்பவர்கள் ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு முழு நாளை வெறுமையாக விடுங்கள். நேரம் மாறுவது அங்கே வழக்கம்.

5. புறப்படும் முன் உடம்பைப் படியுங்கள்

காட்டில் பச்சோந்தியைத் தேடுவது என்றால் ஒரு உருவத்தைத் தேடுவது. அந்த உருவம் மனதில் பதியாமல் போனால் முகத்துக்கு நேரே இருந்தாலும் தெரியாது.

கால்: ஐந்து விரல்களும் இரண்டு கட்டுகளாக ஒட்டியிருக்கும். முன்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு, பின்காலில் நேர்மாறு. கிளையை இடுக்கிபோல் கவ்வத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே தரையையும் தடித்த மரத்தையும் விட, விரல் மொத்தமுள்ள கிளைகளைப் பாருங்கள்.

வால்: கிளையைச் சுற்றிப் பிடிக்கும் ஐந்தாவது கால். பல்லியைப்போல் முறித்துக்கொண்டு ஓட முடியாது. தரையில் வாழும் ப்ரூகேசியாவுக்கு மட்டும் வால் குட்டை. பிடிக்கும் திறன் கிடையாது. இந்தக் குழுவில்தான் உலகின் மிகச் சிறிய ஊர்வன இருக்கின்றன. 2021இல் விவரிக்கப்பட்ட ப்ரூகேசியா நானாவின் ஆண், மூக்கு முதல் வால் நுனி வரை 22 மில்லிமீட்டருக்கும் குறைவு. மறுமுனையில் பார்சன் பச்சோந்தியும் உஸ்தலே பச்சோந்தியும் அறுபது சென்டிமீட்டரைத் தாண்டும்.

கண்: இமை முழுக்க மூடிய கூம்பு, நடுவே சிறு துளை. இரண்டும் தனித்தனியே சுழலும். அந்தசிபேயில் ஒரு பார்சன் பச்சோந்தியை அருகிலிருந்து பார்த்தபோது ஒரு கண் என் பக்கம் நிலைத்திருந்தது. மற்றது பின்புறம் திரும்பி, இலையில் ஊர்ந்த ஏதோ ஒன்றைத் தொடர்ந்துகொண்டிருந்தது. உடம்பில் வேறு அசைவே இல்லை. பிறகு இரண்டு கண்களும் ஒரே திசைக்கு மெதுவாக வந்து சேர்ந்தன. அப்படிச் சேர்ந்தால் இரை குறிவைக்கப்பட்டுவிட்டது என்று பொருள். கேமராவை அப்போதே உயர்த்திவிடுங்கள். அடுத்து நாக்கு வரும்.

நாக்கு: உடலைவிட நீளமானது, சில இனங்களில் இரண்டு மடங்கு. தசை நேரடியாக அதைத் தள்ளுவதில்லை. நாக்கெலும்பைச் சுற்றிய மீள்திசுக்களில் முதலில் விசை சேர்த்துவைக்கப்படுகிறது, விட்டவுடன் பாய்கிறது. குளிர்ந்த காலையில் தசைகள் மந்தமாக இருக்கும்போதும் வேட்டையாட முடிவது இதனால்தான். நுனியில் ஊறும் எச்சில் மனித எச்சிலைவிட நானூறு மடங்கு பிசுபிசுப்பானது. வெறும் கண்ணுக்கு இந்த வித்தை தெரியாது. மெதுவோட்டக் காணொளி எடுங்கள்.

நிறம்: உட்கார்ந்த இடத்தின் நிறத்துக்கு மாறும் என்ற எண்ணத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலில் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருப்பதைக் காட்டினார்கள். அமைதியாக இருக்கையில் படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பும். மேலே இருக்கும் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தெரியும். போட்டி ஆணைக் கண்டால் படிகங்களின் இடைவெளி விரியும். மஞ்சளும் சிவப்பும் எழும். இது ஒளிந்துகொள்வதற்கான வேலை அல்ல, பேச்சு. காலை வெயிலில் கருத்திருந்தால் சூடு வாங்குகிறது. நீங்கள் நெருங்க நெருங்கக் கருத்தால் தொல்லைப்படுகிறது, பின்வாங்குங்கள்.

ஒத்திகை பார்க்க ஆசை என்றால் நம் வறண்ட முள்காடுகளிலேயே ஓர் இனம் உண்டு. இந்தியாவில் உள்ள ஒரே பச்சோந்தி இனம் அதுதான், இலங்கையின் உலர் பகுதிகளிலும் இருக்கிறது. கருவேலும் இலந்தையும் மண்டிய ஊர்ப்புறங்களில் மழைக்காலத்தில் தேடலாம். வேலியில் தலையாட்டும் ஓணானைப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, தொடவும் கூடாது.

6. இரவு நடை

பகலில் பச்சை இலைக்குள் பச்சையாக இருப்பதைக் கண்டுபிடிக்க உள்ளூர்க்காரர் கண் வேண்டும். இரவில் நம் கண்ணே போதும். தூங்கும்போது நிறம் வெளிறிவிடும். டார்ச் ஒளி பட்டால் இலைகளுக்கு நடுவே வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். பாம்பு ஏறினால் அதிர்வு தெரிய வேண்டும் என்று மெல்லிய கிளையின் நுனியில்தான் தூங்கும். அதனால் தேட வேண்டிய இடமும் சுருங்கிவிடுகிறது.

ஒரு விதி முக்கியம்: தேசியப் பூங்காவுக்குள் இரவில் அனுமதி இல்லை. பூங்கா ஓரச் சாலையிலோ, அந்தசிபேயில் மிட்சின்ஜோ, வோயிம்மா போன்ற உள்ளூர் மக்கள் நடத்தும் காடுகளிலோதான் இரவு நடை. பூங்காச் சீட்டு வாங்கிவிட்டால் இரவும் சேர்ந்தது என்று எண்ண வேண்டாம், தனிக் கட்டணம். பகலிலேயே போய் வழிகாட்டியைப் பேசி, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று உறுதி செய்யுங்கள். பத்துப் பதினைந்து பேர் கூட்டத்தில் போனால் முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். மாலை ஆறு மணியைத் தாண்டியதும் இருட்டிவிடும். ஆறரைக்குப் புறப்படுங்கள்.

நெற்றி விளக்கு ஒன்று, கைவிளக்கு ஒன்று. இரண்டுக்கும் மாற்று பேட்டரி. ஒளியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தலை உயரத்திலிருந்து மூன்று மீட்டர் வரை கிளை நுனிகளை வருடிக்கொண்டே நடங்கள். ப்ரூகேசியாவுக்கு மட்டும் கீழே பாருங்கள். பகலெல்லாம் சருகில் திரியும் அது, இரவில் முழங்கால் உயரச் செடியில் ஏறித் தூங்கும். பாதையை விட்டு ஓர் அடி தள்ளி வைத்தாலும் அதன் மேல் மிதித்துவிட வாய்ப்புண்டு. அட்டைப்பூச்சி கடிக்கும், காலுறைக்குள் கால்சட்டையைச் செருகுங்கள்.

வழிகாட்டி சில நேரம் தூங்குவதை எழுப்பிக் கையில் எடுத்துக் காட்டுவார். அன்பளிப்பு கூடும் என்ற எண்ணம். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓட்டுநரோ நேர்மாறாக வண்டியை விட்டு இறங்காமலேயே இருக்கலாம். பச்சோந்தியைத் தொடுவது ஆகாது என்ற நம்பிக்கை தீவின் பல பகுதிகளில் உண்டு. கேலி செய்யாதீர்கள். அந்த அச்சம் இருக்கிற ஊர்களில் குழந்தைகள்கூட அதைச் சீண்டுவதில்லை.

7. படமும் திரும்புதலும்

ஃபிளாஷைக் கண்ணுக்கு நேரே அடிக்காதீர்கள். பக்கவாட்டு உருவம், மூக்கு, தலையின் பின்மடல் மூன்றும் தெரியும்படி எடுங்கள். இனத்தைக் கண்டறிய இவைதான் உதவும், நிறம் உதவாது. ஊர்ப் பெயரையும் கடல்மட்ட உயரத்தையும் அன்றிரவே குறித்துவையுங்கள். ஒன்றையொன்று ஒத்த சிறு இனங்களை இடத்தை வைத்தே பிரிக்கிறார்கள்.

காட்டிலிருந்து எதையும் எடுத்துவர வேண்டாம்: உயிருள்ளது, முட்டை, உரித்த தோல், பாடம் செய்த உடல் எதுவும். மடகாஸ்கரின் பச்சோந்திகள் எல்லாம் பன்னாட்டு வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. சந்தையில் விற்றார்கள் என்ற பதில் சுங்கத்தில் செல்லாது.

மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள். குடியேற்ற வரிசைக்கு முன்பே கேட்பார்கள். படங்களை இணையத்தில் ஏற்றும் முன் அவற்றோடு ஒட்டியிருக்கும் இடக்குறியீட்டை நீக்கிவிடுங்கள். அரிய இனம் எந்த மரத்தில் இருக்கிறது என்று தேடுபவர்களில் பிடித்து விற்பவர்களும் உண்டு. மாவட்டத்தின் பெயர் மட்டும் போதும்.